கீழே கிடந்த காது

"மேல தெரியிற காத மட்டும் படம் எடும்மா" என்றார் ராஜாங்கம்.

சிவரஞ்சனி கம்பெனி கொடுத்த டேப்லெட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

கொட்டகை வாசலில் பசு இடதுபுறமாகச் சாய்ந்து கிடந்தது. வயிறு உப்பி, நாக்கு வெளியே தள்ளியிருந்தது. கண்ணில் ஈ மொய்த்தது.

காப்பீடு செய்த மாட்டுக்குக் காதில் மஞ்சள் வில்லை அடித்திருப்பார்கள். மாடு செத்தால் வில்லையின் எண் தெரியப் படம் எடுக்க வேண்டும். வில்லை இல்லையென்றால் இழப்பீடு இல்லை. இந்தப் பசுவின் வில்லை இடது காதில். இடது காது தலைக்கு அடியில், மண்ணோடு கிடந்தது.

"சார், வில்லை கீழ்க்காதுல கீது சார். தோ, தூக்கிக் காட்டறன்." மாட்டுக்காரர் வீரமுத்து குனிந்தார்.

"தொடாத! மாட்டுக்காரன் கை பட்டா கேஸே நிக்காது. ரூல்ஸ் தெரியாதா?"

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு வீரமுத்து நிமிர்ந்தார். வீட்டில் கறவையில் இருந்த ஒரே மாடு அது.

ராஜாங்கம் காப்பீட்டுக் கம்பெனியின் கள்ளக்குறிச்சிக் கிளையில் இழப்பீடு பார்க்கிற அதிகாரி. சிவரஞ்சனி அவரிடம் வேலை பழகுகிறவள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி பி.காம். முடித்த கையோடு, மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்று பார்த்து அப்ரெண்டிஸாகச் சேர்ந்தவள். பயிற்சி முடிந்ததும் ராஜாங்கம் நல்லபடியாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் நிரந்தர வேலை.

இதுவரை அவள் கற்ற பாடம் ஒன்றுதான். கேட்டு வருகிறவரை என்ன சொல்லித் திருப்பி அனுப்பலாம். கையெழுத்து கோணல். இனிஷியல் மாறியிருக்கிறது. தகவல் தாமதம். இன்றைக்கு, கீழே கிடக்கும் காது.

"இன்னாம்மா பாத்துகினு நிக்கிற? மலைக்காரப் பொண்ணு, செத்த மாட்டப் பாத்துப் பயப்படற?"

சங்கராபுரம் தாண்டி, மலையடிவாரத்தில் இந்த வீட்டு வாசலில் வண்டி நின்றதிலிருந்தே அவள் கால் நகரவில்லை. அதைப் பார்த்துத்தான் ராஜாங்கம் சிரித்தார்.

ஒரு விரல் அழுத்தினால் போதும். மேல்காது படத்தில் விழும். அவர் கையெழுத்தும் தப்பாது, அவள் வேலையும் தப்பாது. இந்த வீரமுத்துவுக்கு இது வேண்டும்தான் என்றுகூட மனசு ஒரு நொடி சொன்னது.

அதற்குள் ராஜாங்கம் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்திருந்தார்.

காதில் வில்லை காணப்படவில்லை.

படம் எடுக்கும் முன்பே எழுதிவிட்டார். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று எழுதும்போது அந்தக் கை கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. ஒன்றுவிடாமல் சுழித்துச் சுழித்து எழுதியது.



டேப்பை மண்ணில் வைத்தாள். மண்டிபோட்டு, ஒரு கையால் கொம்பையும் ஒரு கையால் தாடையையும் பற்றி நெம்பினாள். கழுத்து விறைத்திருந்தது. குதிகாலை ஊன்றி மறுபடி நெம்பினாள். தலை புரண்டது.

எறும்பு அப்பிய காதில் மஞ்சள் வில்லை. துப்பட்டா முனையால் மண்ணைத் துடைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி படம் எடுத்து, அங்கேயே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். அனுப்பிய படத்தை இனி யாராலும் அழிக்க முடியாது.

"ஏய், இன்னா பண்ணிகினு கீற நீ?"

"மாட்டுக்காரங்க கைதான சார் படக் கூடாது? நான் கம்பெனி ஆளு."

"கம்பெனி ஆளா? அப்ரெண்டிஸ்மா நீ! என் கையெழுத்து இல்லாம எப்பிடி ஆளாவறன்னு நானும் பாக்கறன்."

டேப்பைப் பிடுங்கிக்கொண்டு வண்டியை உதைத்தார். அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. புழுதி அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள்.

வீரமுத்து சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"கை கழுவுங்க மேடம். நீங்க யாரு பெத்த புள்ளயோ, நல்லா இருக்கணும்."

அவள் கையை நீட்டவில்லை.

"மேடம் இல்ல. மலை மேல மாதன் பொண்ணு. வெற்றிசெல்வன் தங்கச்சி."

வீரமுத்துவின் பார்வை, அவர் தடுக்குமுன்னே, கொட்டகைக்குப் பின்னாலிருந்த மக்காச்சோளக் கொல்லைக்குப் போய்விட்டு வந்தது.

போன வருசத்துக்கு முந்தின வருசம் அறுப்பு வேலைக்கென்று விடியலில் மலையிறங்கி வந்த அவள் அண்ணன், அந்தக் கொல்லையைத் தாண்டும்போதுதான் செத்து விழுந்தான். காட்டுப்பன்றிக்கென்று வீரமுத்து வேலியாக இழுத்து, கரண்ட் கொடுத்திருந்த கம்பியை ஆள் வருமுன் சுருட்டியாகிவிட்டது. பாம்பு கடித்துவிட்டது என்றார் வீரமுத்து. வந்த போலீஸ்காரர்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். அண்ணன் வலது கை உடம்புக்கு அடியில் இருக்கும்படி புரட்டிப் போடப்பட்டிருந்தான்.

மலைக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டும்போது, மூடியிருந்த விரல்களைப் பிரித்தவள் சிவரஞ்சனிதான். உள்ளங்கை கரிந்து, எலும்பு தெரிந்தது.

அந்தக் கையை ஒருவரும் படம் எடுத்திருக்கவில்லை.