மூன்றாவது கேள்வி

"எனக்கு ஒரு நோவும் இல்லக்கா. உங்க தொந்தரவு தாங்காமத்தான் வந்தேன்" என்றாள் கண்மணி.

மங்களம் ஆஸ்பத்திரி பெஞ்சில் இடம் பிடித்து அவளை உட்கார வைத்தாள்.

பத்து நாளாக இதே கதைதான். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், கண்மணி குடியிருந்த வரிசையில் பதினான்கு வீடுகள். மங்களம் மற்ற பதின்மூன்று கதவுகளையும் விட்டுவிட்டு நேராக அவள் கதவைத்தான் தட்டினாள். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று வருகிறது, வலியில்லாமலே வரும், ஆரம்பத்தில் பார்த்தால் பிழைக்கலாம், தனக்கு முற்றிய பிறகுதான் தெரிந்தது என்றாள். மாதர் சங்கத்து ஆள் போலிருக்கிறது என்று கண்மணி காப்பி கொடுத்து அனுப்பினாள். சங்கத்து ஆட்கள் ஒரு தடவை வந்தால் பிறகு ஒரு வருஷத்துக்கு எட்டிப் பார்க்க மாட்டார்கள். இவள் மறுநாளே வந்து நின்றாள்.

ஊரில் இத்தனை பெண்கள் இருக்க என்னை ஏன் பிடித்து இழுக்கிறீர்கள் என்று கண்மணி ஒருநாள் கேட்டே விட்டாள்.

"பிள்ளைங்களுக்கு ஒரு அம்மாவாவது மிஞ்சணும்" என்றாள் மங்களம்.

சங்கத்தில் இப்படியெல்லாம் பேசச் சொல்லிக் கொடுக்கிறார்கள் போல என்று கண்மணி நினைத்துக்கொண்டாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் நர்ஸான மிஸ்ஸி உர்சுலாவின் மேசைக்குப் போனார்கள். அறுபத்து நாலாம் வருஷம் அது. இந்தப் பரிசோதனைக்கு அங்கே ஒரே டாக்டர், வெளியே அறுபது பெண்கள். அதனால் உர்சுலா முதலில் மூன்று கேள்விகள் கேட்பாள். மூன்றுக்கும் 'ஆம்' என்றால் இன்றைக்கே பரிசோதனை. இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து.

சின்ன வயதில் கல்யாணமா? பதினைந்து வயதில். நிறையப் பிரசவமா? ஐந்து.

"வீட்டுக்காரருக்கு வேற தொடர்பு உண்டா?"

கண்மணிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரு அப்படிப்பட்டவர் இல்ல மிஸ்ஸி. செம்பவாங் கப்பல் பட்டறையில வேலை. வாரத்துல நாலு நாள் ஓவர்டைம், அங்கேயே தங்கிடுவாரு. மத்த மூணு நாளும் வீடே கதின்னு கிடப்பாரு."

உர்சுலா 'இல்லை' என்று எழுதி, ஆறு மாதம் தள்ளி ஒரு தேதி போட்டாள். கண்மணி நிம்மதியாக எழுந்தாள். மங்களம் எழவில்லை. ஆறு மாதத்தில் என்னவெல்லாம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பயமாக இருந்தது.

"இருங்க லா, வீட்டுக்காரர் பேரு விட்டுப்போச்சு" என்றாள் உர்சுலா.

கண்மணி தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள். இப்படித் தினமும் பத்துப் பேரைப் பார்க்கிறவள் உர்சுலா. கூட வந்தவர்களைக் கேட்டு எழுதிக்கொள்வாள்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

தெரியும் என்றாள் மங்களம்.

"அப்ப நீங்க சொல்லுங்க."

மங்களமும் தலையைக் குனிந்துகொண்டாள். பையிலிருந்து தன்னுடைய ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"நானும் சொல்லக் கூடாது, மிஸ்ஸி. இதுல இருக்கு, பார்த்து எழுதிக்குங்க."

உர்சுலா பார்த்தாள். பெயரை எழுதுவதற்கு முன், மூன்றாவது கேள்வியின் பதிலைத் திருத்தினாள்.