சீர் வண்டி

காரின் தரைவிரிப்பைத் தூக்கியதும் வளையல் துண்டுகள் கிடந்தன.

எலக்ட்ரீசியன் குணசீலன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எஞ்சினிலிருந்து டிக்கியில் இருக்கும் ஆம்ப்ளிஃபயர் வரைக்கும் கட்டைவிரல் தடிமனில் ஒரு கேபிள் இழுக்க வேண்டும். வழியில் கிடந்ததை வாரிப் பழைய பேப்பரில் போட்டு, வண்டியைக் கொண்டுவந்து பட்டறை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் நீட்டினார்.

அவர் வாங்கிக்கொண்டார்.

பச்சை. சிவப்பு. மயில்கழுத்து நீலம். மஞ்சளில் ஜிகினா வைத்தது.

மகள் சேலைக்குத் தோதாகத்தான் வளையல் போடுவாள். ஒரே நிறம் என்றால் என்றைக்கோ கதவில் இடித்து உடைந்தது என்று விடலாம். இத்தனை நிறம் என்றால் இத்தனை நாள்.

பேப்பரை மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டார்.

வண்டி அவர் கொடுத்ததுதான். தை மாதக் கல்யாணத்தில் பந்தலுக்கு முன்னால் மாலை போட்டு நிறுத்திய சீர். அதிலிருந்த பாட்டுச் சத்தம் போதாதென்று மாப்பிள்ளை பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கி மாட்டினார். சத்தத்தைக் கூட்டினால் ஒவ்வோர் அடிக்கும் முன்விளக்கு மங்கியது. இன்னும் கூட்டினால் பாட்டே நின்றுபோனது. பெரிய பேட்டரி போட்டுப் பார்த்தார். அதற்கும் மசியவில்லை.

தலை ஆடிக்கு மகளைக் கொண்டுவந்து விட்டபோது வண்டியையும் விட்டுவிட்டுப் போனார். ஆல்டர்னேட்டரைப் பெரிதாக மாற்றி வைக்க வேண்டும். ஆடி முடிந்ததும் வந்து இரண்டையும் கூட்டிப்போவாராம்.

ஆனையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குச் சண்டை போடுவார்களா என்றாள் அவர் மனைவி. அவருக்கும் அது சரியென்றே பட்டது. பெண் கொடுத்த இடம். போனால் போகிறது.

காலையில் சாவி கொடுக்க வந்த மகள்தான் கொடுக்காமல் நின்றாள்.

"எதுக்குங்ப்பா அது. லைட்டு மங்குனா மங்கீட்டுப் போகுது."

சிக்கனம் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அப்பன் கைக்காசு கரைவது பெண்ணுக்குப் பொறுக்காதுதான். உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமையை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது.

குணசீலன் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டே பேசினார். பேட்டரிதான் தண்ணீர்த் தொட்டி, ஆல்டர்னேட்டர்தான் மோட்டார் என்றார். மோட்டார் இறைக்காதபோது தொட்டியைப் பெரிதாகக் கட்டி என்ன பிரயோசனம் என்றார். இனிமேல் எவ்வளவு சத்தம் வைத்தாலும், எவ்வளவு நேரம் வைத்தாலும், லைட் மங்காது, பாட்டு நிற்காது என்றார்.

அவர் தலையாட்டினார். காது கேட்டது. கை மடியிலிருந்த பேப்பரை விட்டு நகரவில்லை.

வேலை முடிந்ததும் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார் குணசீலன்.

அவர் ஸ்டியரிங் பக்கம் போகவில்லை. இந்தப் பக்கக் கதவைத் திறந்து, மகள் உட்காரும் சீட்டில் உட்கார்ந்தார்.

குணசீலன் எஞ்சினை ஓடவிட்டார். பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டு, இறங்கிக் கதவைச் சாத்தினார்.

முதல் அடி நெஞ்செலும்பில் விழுந்தது. அடுத்தது வயிற்றில். கண்ணாடி அதிர்ந்தது. பல் அதிர்ந்தது. பட்டறைச் சுவரில் விழுந்த முன்விளக்கு வெளிச்சம் மட்டும் அப்படியே நின்றது.

அவர் வாயைத் திறந்து மகளின் பெயரைச் சொன்னார்.

அவருக்கே கேட்கவில்லை.

பலமாகக் கூப்பிட்டார். பிறகு கத்தினார். அடிவயிற்றிலிருந்து, மேகலா, மேகலா என்று தொண்டை கமறக் கத்தினார்.

கதவுக்கு வெளியே ஒரு முழம் தள்ளி குணசீலன் சிரித்த முகத்தோடு நின்றிருந்தார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ரோட்டில் போன ஒரு பெண் காதைப் பொத்திக்கொண்டு விலகிப் போனாள். உள்ளே யாரும் பார்க்கவில்லை.

லைட் மங்கிக்கொண்டிருந்த வரைக்கும் அவளுக்கு அது ஒரு காவலாக இருந்திருக்கிறது. பாட்டு நின்றுபோகும். நின்றால் அவள் அலறுவது வெளியே கேட்கும்.

அந்தக் காவலை அவரே ஆள் வைத்துக் கழற்றியிருக்கிறார்.

எஞ்சின் அணைந்த பிறகு எப்படிங்க என்று கேட்டார் குணசீலன். நல்லாயிருக்குதுங்க என்றார் அவர். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். வரவில்லை.

வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எஞ்சின் சத்தம் கேட்டு மகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வண்டியைத்தான் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவர் முன்னறையில் நின்றபடியே மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்.

லைட் மங்குகிறதா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றார். முழுச் சத்தம் வைத்துப் பார்த்தீர்களா என்று அடுத்தது. உள்ளேயே உட்கார்ந்து பார்த்தேன் என்றார். மாப்பிள்ளைக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆடி முடிந்த மறுநாளே வருவதாகவும், மேகலாவைக் கிளம்பி இருக்கச் சொல்லும்படியும் சொன்னார்.

"அதுவரைக்கும் எதுக்குங்க மாப்பிள்ளை. நாளைக்கே வந்து வண்டிய எடுத்துட்டுப் போங்க."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவருக்கே ஆச்சரியம்.

அப்படியென்றால் மேகலா என்று இழுத்தார் மாப்பிள்ளை.

"வண்டிய மட்டுங்க" என்றார்.

அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.