திறக்காத இரண்டு பக்கம்

"ஓசியில எவனாச்சும் இத்தனை மெனக்கெடுவானா? இதுல என்னமோ இருக்குது கண்ணு" என்றான் அன்பழகன், ஜீப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

தங்கை இலக்கியாவுக்கும் அந்த உறுத்தல் இல்லாமல் இல்லை.

மலைமேல் தலைச்சோலை ஊரில், காப்பி எஸ்டேட் வேலைக்குப் போகிற குடும்பத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவள் அவள் ஒருத்திதான். காப்பிப் பழத்தைத் துளைக்கிற வண்டைப் பற்றி ஆராய நெதர்லாந்தில் ஒரே ஒரு பிஎச்.டி. இடம் இருந்தது. கிடைத்தால் விமானம். கிடைக்காவிட்டால் சேலத்து ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை.

விண்ணப்பம் எழுதச் சொல்லித்தர ஆளில்லாத நாட்டுப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் காசு வாங்காமல் சொல்லித்தர அவளுக்கு வாய்த்தவர் எத்தியோப்பியாக்காரர் பெக்கெலே. போன வருஷம் எங்கோ விண்ணப்பித்து, நேர்காணல் வரை போய்க் கோட்டை விட்டவர்.

கோட்டை விட்டவர் என்னத்தைச் சொல்லித்தரப் போகிறார் என்பது அவளுடைய முதல் சந்தேகம்.

வந்ததும் வராததுமாக அவள் எழுதியதில் பாதியை அடித்தார். 'மரியாதைக்குரிய ஐயா' போயிற்று. பத்தாம் வகுப்பு மார்க் போயிற்று. பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையும் போயிற்று.

"எந்தப் பேராசிரியரிடம்?" என்று வீடியோவில் கேட்டார்.

பெயரைச் சொன்னாள். அவர் முகம் சட்டென்று மாறியது. வேறு வேலை இருப்பதாகச் சொல்லிப் பேச்சை முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் ஒரு லிங்க் வந்தது. 'நான் எழுதிவரும் இரண்டு பக்கம், பிறகு மாற்றுவதெல்லாம் இதிலேயே தெரியும். முதல் வரியையாவது படித்துவிட்டுச் சொல், நாம் தொடரலாமா?'

"தொட்டுராத!" என்று பதறினான் அன்பழகன். "இப்படித்தான் என்னமோ அனுப்புவானுங்களாம். தொட்டா உன்ற போனே அவன் கைக்குப் போயிருமாம்."

"பதில் கேக்கறாருங்கண்ணா."

"படிச்சுட்டேன்னு சொல்லிப்போடு. அவனுக்கென்ன தெரியப்போகுது?"

'படித்துவிட்டேன் சார். தாராளமாகத் தொடரலாம்' என்று அனுப்பினாள்.

'உனக்குப் பெரிய மனசு. நன்றி' என்று பதில் வந்தது.

இதற்கு எதற்கு நன்றி? அதுவும் சந்தேகத்தில் சேர்ந்துகொண்டது.

அடுத்த தடவை பேசும்போது அவர் கேட்டார். "நீ தோட்டத்தில் வேலை செய்திருக்கிறாயா?"

"இல்லைங்க சார்." குரலைத் தாழ்த்தி, "லீவு நாளில் அம்மாவோடு உதிர்ந்த பழம் பொறுக்கப் போவேன்" என்றாள். சொல்லவே கூச்சமாக இருந்தது.

"எதற்குப் பொறுக்குவீர்கள்?"

"பறிப்பு முடிந்ததும் தரையில் ஒரு பழம் கிடக்கக்கூடாது. கிடந்தால் வண்டு அதற்குள்ளேயே குடியிருந்து அடுத்த காய்ப்பில் ஏறிவிடும். எந்த மரத்து நிழலில் ஓட்டைப் பழம் அதிகம் என்று அம்மா பார்த்தே சொல்லிவிடுவார்கள். நான் அதை வருஷாவருஷம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்."

பெக்கெலே நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேச்சுப் போட்டியை எழுதினாய், இதை எழுதவில்லையே! உன் முதல் வரியே இதுதான்."

அண்ணனிடம் சொன்னாள்.

"போச்சா? நைசா விசயத்தைக் கறந்துட்டான் பாரு!"

அவர் சொன்னபடியே எழுதினாள். விண்ணப்பத்தை அனுப்பிய கையோடு பெக்கெலேயிடம் பேச்சையும் நிறுத்திக்கொண்டாள். அவர் நலம் விசாரித்து அனுப்பிய இரண்டு செய்திக்கும் பதில் போடவில்லை.

வீடியோ நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வீட்டில் சிக்னல் நிற்காது. அன்பழகன் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து, சிக்னல் நிற்கிற வளைவில் ஓரங்கட்டினான்.

காத்திருக்கச் சொன்ன திரையில் இரண்டே பெயர்கள்.

இலக்கியா. பெக்கெலே.

"அண்ணா..." போனை அவன் பக்கம் திருப்பினாள். "நீங்க சொன்னது சரிதானுங்கண்ணா. அதே எடத்துக்கு அவரும் வந்து நிக்கறாரு."

"நாந்தான் அன்னைக்கே சொன்னனே! அந்த ரெண்டு பக்கத்தை இப்பத் தொற. போன் போனாப் போகுது. நம்ம பழத்தை அவன் எழுதியிருந்தான்னா பேராசிரியர்கிட்டயே போட்டு உடைச்சுரு!"

ஆத்திரத்தோடு திறந்தாள். முதல் வரியிலிருந்து படித்தாள்.

'இலக்கியா, நீ கேட்கிற இடத்துக்குத்தான் நானும் விண்ணப்பிக்கிறேன். போட்டிக்காரன் உனக்கு வேண்டாமென்றால் சொல், வேறு நல்ல ஆளாகப் பிடித்துத் தருகிறேன். சம்மதம் என்றால் என்னால் முடிந்த அத்தனையும் சொல்லித்தருவேன், நீ சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூட எனக்கு எடுத்துக்கொள்ள மாட்டேன்.'

அதற்குக் கீழே அவருடைய விண்ணப்பம். இரண்டு பக்கமும் எத்தியோப்பியாவின் காட்டுக் காப்பியைப் பற்றித்தான் இருந்தது. உதிர்ந்த பழம் எங்கேயும் இல்லை.

"ஏங் கண்ணு, திருடியிருக்கானா?" என்றான் அன்பழகன்.

அவள் வாய் திறப்பதற்குள் திரையின் ஓரத்தில் பெக்கெலேயிடமிருந்து ஒரு செய்தி வந்து நின்றது.

'முதலில் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். பயப்படாதே, உன் அம்மா பொறுக்கிய பழத்திலிருந்து ஆரம்பி.'