மூன்றாவது நாற்காலி

மூன்றாவது நாற்காலியில் அவன் மனைவி உட்கார்ந்திருக்கிறாள்.

அவன் தரையில் இருக்கிறான். ஆண்கள் பக்கம், தூணை ஒட்டி.

பத்தொன்பது வருடம், பெரிய வியாழன்தோறும் அந்த நாற்காலி அவனுடையது. இயேசு பாதம் கழுவிய பன்னிரண்டு சீடர்களில் ஒருவனாக உட்காருவான். பங்குச்சாமி அவன் முன்னால் முழந்தாளிட்டிருக்கிறார். பாதத்தைக் கழுவி, துடைத்து, முத்தமிட்டிருக்கிறார். அதற்குள் ஆறு சாமிகள் மாறினார்கள். அவன் மாறவில்லை.

ஏழாவதாக வந்தவர் குருத்தோலை ஞாயிறன்று புதிய பட்டியலை வாசித்தார். ஆறு ஆண்கள், ஆறு பெண்கள். முந்நூறு வருடக் கோயிலில் இதுவரை நடக்காத கூத்து.

அவன் பெயர் இல்லை. அவன் மனைவி வியாகுலத்தின் பெயர் இருந்தது.

"வீட்டுக்கு ஒரு ஆள் போதும்" என்று சாமி சிரித்தார். கோயிலே சிரித்தது.

இப்போது பக்கத்து வீட்டுத் தொம்மை அவன் விலாவில் இடிக்கிறான்.

"என்ன மச்சான், கீழ இருந்து பாக்க நல்லாருக்கா?"

அவன் தூண் பக்கம் நகர்ந்துகொண்டான்.

பொறாமைதான். வேறென்ன? கட்டின பெண்டாட்டி மேல் பொறாமை. வெளியே சொன்னால் ஊர் கைகொட்டும்.

இன்று மத்தியானம் அவள் துவைகல்லில் உட்கார்ந்து தன் காலைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தான். தூங்கவில்லை.

அத்தனை வருடமும் அவன் காலைத் தேய்த்தவள் அவள். வெந்நீர், தேங்காய் நார், சோப்பு. குதிகால் வெடிப்புக்குக் கடைசியில் எண்ணெய். "சாமி முத்தம் குடுக்குற காலு" என்பாள். அவன் பீடி பிடித்தபடி காலை நீட்டிக்கொண்டிருப்பான்.

சாமி மூன்றாவது நாற்காலிக்கு வந்துவிட்டார்.

அவள் வலது காலை நீட்டினாள். வலது கால்தான் வழக்கம்.

சாமி தண்ணீர் ஊற்றினார். துண்டை எடுத்தார். நிறுத்திவிட்டார்.

மேற்பாதத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு.

அவனுக்குத் தெரிந்த தழும்புதான். போன பெரிய வியாழன் வந்தது. கால் தேய்க்க அவள் கொண்டுவந்த பானையில் காலை வைத்ததும் சுருக்கென்றது, உதறினான். பானை சாய்ந்து, அத்தனை வெந்நீரும் அவள் காலில். சூடு பார்க்கத் தெரியாதா என்று கத்தினான். பிறகு, நேரமாயிற்றென்று வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டான். அன்று பூசைக்கு அவள் வரவில்லை.

சாமி நிமிர்ந்து ஏதோ கேட்டார்.

அவள் ஏதோ சொன்னாள்.

சாமி இன்னொன்று கேட்டார். அவள் தன் காலையே பார்த்தாள். பிறகு ஆமென்று தலையை ஆட்டினாள். அவள் முகம் எப்படியோ ஆயிற்று. அந்த முகத்தை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

சாமி குனிந்து அந்தத் தழும்பில் முத்தமிட்டார்.

அவனிடம் எந்தச் சாமியும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. பத்தொன்பது வருடமும் கழுவினார்கள், போனார்கள்.

இவளிடம் மட்டும் என்ன பேச்சு? இவள்தான் என்ன சொல்லித் தொலைத்தாள்?

மீதிப் பூசை அவன் காதில் ஏறவில்லை.

வாசலில் செருப்புக் குவியல். அவள் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் போய் நின்றான்.

"சாமி என்ன கேட்டாவ?"

"காலுல என்ன தழும்புன்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"வெந்நி கொட்டிட்டுன்னு சொன்னேன்."

"யாரு கொட்டுனான்னு கேட்டாவளா?"

"இல்ல."

மூச்சு வந்தது. உடனே அடுத்தது குத்தியது.

"ரெண்டாவது என்னமோ கேட்டாவளே?"

அவள் ஒரு செருப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். மற்றதைத் தேடினாள்.

"ரொம்ப எரிஞ்சுதான்னு கேட்டாவ."

அவ்வளவுதானா?

அவ்வளவுதான். ஒரு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் அவன் வாயில் வராத கேள்வி. எங்கிருந்தோ வந்த மனுஷன், ஒரு நிமிடத்தில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். நாற்காலி போனதுகூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மற்ற செருப்பு அவன் காலடியில்தான் கிடந்தது. குனிந்து எடுத்தான். அவள் வலது காலருகே வைத்தான். வைத்தவன் எழுந்திருக்கவில்லை.

"இப்ப எரியுதா?"

வியாகுலம் அவனைக் குனிந்து பார்த்தாள்.

"அது போன வருசம்லா" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.