சும்மா இருக்கவேண்டிய வில்லை

ஆடாதோடை இலைக்குக் கிருமியைக் கொல்லும் சக்தி உண்டா என்று பார்க்க, தட்டு முழுக்கக் கிருமிகளை வளர்த்து அதன்மேல் இரண்டு காகித வில்லைகளை வைத்தார்கள். ஒன்று, சாராயத்தில் ஊறவைத்து இறக்கிய இலைச்சாற்றைக் குடித்திருந்தது. மற்றது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் சாராயத்தைக் குடித்திருந்தது.

"நீ சும்மா உட்கார்ந்திரு தம்பி. கொல்றது என் வேலை" என்றது இலை வில்லை.

சாராய வில்லையும் மரியாதையாக உட்கார்ந்துதான் இருந்தது. மறுநாள் பார்த்தால், இரண்டையும் சுற்றிக் கிருமிகள் செத்து ஒரே அளவில் வட்டம் விழுந்திருந்தது.

"அண்ணே, உங்க வட்டமும் சாராயம் போட்டதுதான் போலிருக்கு."



ஆராய்ச்சி மாணவி வேதநாயகி ஸ்கேலை வைத்து அளந்தாள். இதற்கும் பன்னிரண்டு மில்லிமீட்டர், அதற்கும் பன்னிரண்டு. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி இலையைத்தான் தூக்கிப் போடுவார் என்று சாராய வில்லை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கட்டுரையை முக்கால்வாசி எழுதியாச்சும்மா" என்றார் அவர். "அந்தச் சாராய வில்லையைத் தூக்கிப் போட்டுட்டு, அடுத்த தட்டில தண்ணியில நனைச்ச வில்லையை வை."

குப்பைத் தொட்டியில் கிடந்த சாராய வில்லைக்கு மேஜைமேல் நடந்த பேச்சு கேட்டது.

"நான் என்ன செய்யணும் அண்ணே?" என்று தண்ணீர் வில்லை பணிவாக விசாரித்தது.

"ஒண்ணும் செய்யாதே" என்றது புது இலை வில்லை. "உனக்கு முன்னால இருந்தவன் வேலை செஞ்சுதான் கெட்டான்."