நாற்பத்தைந்தாவது அரை

அவள் மணிக்கட்டில் வலைநூலைச் சுற்றி முடித்தாள்.

மறுமுனையைக் கட்டிக்கொள்ள ஆள் இல்லை.

மீன் ஏலக்கூடத்தில் மற்ற நாற்பத்து நான்கு கைம்பெண்களும் இரண்டிரண்டு பேராக, மணிக்கட்டோடு மணிக்கட்டுப் பிணைத்து நின்றார்கள். இவள் ஒருத்தி மிச்சம்.

எதிரே ஊர்ப் பஞ்சாயத்து. இருபத்திரண்டு ஆண்கள். வீட்டுக்கு ஒருவர், ஆளுக்கு ஒரு தலைக்கட்டு, ஒரு ஓட்டு.

நாளை விடியுமுன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்கரைக்குப் படகு போகவேண்டும் என்று அவர்கள் கை தூக்கியாயிற்று. மீன் பிடிக்க அல்ல. தென்கரையான் வலையை அறுத்தான். இவர்கள் ஆளை அறுக்கப் போகிறார்கள்.

முதல் படகில் அவள் மகன் பெயர்.

அவனுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. ஆகவே அவன் தலைக்கட்டு இல்லை. சாகலாம். கை தூக்க முடியாது.

சின்ன ஊரில் இத்தனை கைம்பெண்களா என்றால், அந்தக் கடலுக்கு ஆண்கள் என்றால் ஒரு ருசி. அது விட்டுவைத்தவர்களைச் சண்டை பார்த்துக்கொண்டது.

தவறு பாட்டன்மார்களுடையது.

திருவிழாவுக்குப் பங்கு மீன் பிரிக்கையில் கைம்பெண் வீட்டுக்கு முழுப்பங்கு கொடுக்க மனம் வரவில்லை. 'கைம்பெண் அரைத் தலைக்கட்டு' என்று ஊர் நோட்டில் எழுதினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுதியவருக்குக் கையெழுத்து அழகு. ஆசை விடவில்லை. 'எல்லாக் காரியத்திலும்' என்று சேர்த்துவிட்டார்.

அறுபது வருஷம் அந்த வார்த்தை சும்மா கிடந்தது.

இன்று பிணைந்து நின்றவர்களில் ஒருத்தி, நண்டு விற்கும் குஞ்சம்மா, அதைக் கையில் எடுத்தாள்.

"நாட்டாரே, அர அரயா வந்தா எண்ணமாட்டீங்கன்னு தெரியும். இந்தாங்க, ஒட்ட வச்சே கொண்டாந்திருக்கோம். எண்ணுங்க."

ஊர்த்தலைவர் நாட்டார் சிங்காரவேலு மைக்கில் சிரித்தார்.

"மீனக் கூறு போட்டவளுவ, ஊரக் கூறு போட வந்துட்டாளுவ."

"கூறு போட்டது ஒங்க தாத்தா. நாங்க ஒட்ட வைக்கிறோம்."

ஊர்க் கணக்கு எழுதும் தனபாலன் நோட்டைப் புரட்டினார். எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தார். இரண்டு தரமும் அப்படியே இருந்தது.

சண்டை வேண்டாம் என்று பிணைத்த கைகள் எழுந்தன.

இருபத்திரண்டு.

கூடத்தின் மேல் பறந்துகொண்டிருந்த காக்கைகள் அந்தரத்தில் அப்படியே நின்றன. கரைக்கு வந்த அலை ஒன்று, முடிவு தெரியட்டும் என்று விழாமல் காத்திருந்தது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இருபத்திரண்டுக்கு இருபத்திரண்டு.

சமமானால் நாட்டார் சொன்னதே முடிவு. அதுவும் நோட்டில் இருந்தது.

அவள் தன் ஒற்றைக் கையைத் தூக்கினாள். நூல் தொங்கிற்று.

"அந்த அரய எங்க எழுத?" என்றார் தனபாலன். கேலியாக இல்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

அவள் கையை இறக்கவில்லை.

நாட்டார் முடிவைச் சொல்ல மைக்கை வாயருகே கொண்டுபோனார். ஒலிபெருக்கிக் குழாயைத் தென்கரை பார்த்துத்தான் கட்டியிருந்தார்கள். அவர்கள் கேட்டு நடுங்கட்டும் என்று.

கேட்டிருந்தார்கள்.

எதிர்க்கரையில் ஒருத்தி ஆற்றில் இறங்கினாள்.

முகத்துவாரத்தில் அந்நேரம் கழுத்தளவு நீர் இழுக்கும். அவள் நடந்து வந்தபோது அது முழங்காலைத் தாண்டவில்லை. எப்போது ஒதுங்கவேண்டும் என்று தண்ணீருக்குத் தெரிந்திருந்தது.

கூடத்துக்குள் வந்தாள். சேலை விளிம்பு சொட்டியது. யாரையும் பார்க்கவில்லை. தொங்கும் நூலைப் பார்த்தாள். மணிக்கட்டை நீட்டினாள்.

"தென்கரக்காரிக்கு இங்க என்ன வேல?"

தனபாலன் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தார்.

"அரன்னுதான் இருக்கு, நாட்டாரே. எந்த ஊரு அரன்னு இல்ல."

அவள் நூலின் மறுமுனையை அந்த ஈரமான மணிக்கட்டில் சுற்றினாள். வந்தவள் தன் மறுகையால் முடிச்சை வாங்கி, தென்கரைப் பழக்கப்படி இடப்பக்கமாக இறுக்கினாள்.

போன சண்டையில் கரைக்கு ஒருவராக இரண்டு ஆண்களை ஒரே வலையிலிருந்து பிணமாக எடுத்தார்கள். ஒருவர் கழுத்தில் ஒருவர் கை. பிரிக்கப் பாதி நாள் பிடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவின் இரண்டு ஓரங்களில் இரண்டு பெண்கள், ஒருத்தி மற்றவளைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த இரண்டு பெண்கள்தான்.

கை எழுந்தது.

உட்கார்ந்திருந்த இருபத்திரண்டு ஆண்களும் எப்போது எழுந்து நின்றார்கள் என்று அவர்களுக்கே தெரியவில்லை. நாட்டார் மைக்கைக் கீழே வைத்தார்.

தனபாலன் பேனாவைத் திறந்தார். முழுத் தலைக்கட்டு என்றால் பெயர் வேண்டும். கைம்பெண் என்றால் செத்த புருஷன் பெயர். அதுதான் வழக்கம்.

"யாரு பேருல எழுதட்டும்மா?"

அந்த இரண்டு கரைகளிலும் எந்தப் பெண்ணும் தன் புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். அவன் போனபிறகும்.

அவள் வந்தவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"காத்தலிங்கம்," என்றாள்.

தன் புருஷன் பெயர் காதில் விழ, வந்தவள் நிமிர்ந்தாள்.

"வைரக்கண்ணு," என்றாள் அவள்.

தனபாலன் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், இரண்டையும் ஒரே வரியில் எழுதினார்.