யாராக இருந்தாலும்

"முதல்ல தீர்மானத்துல எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. ரிசல்ட் அப்புறம் வரட்டும்" என்றார் குழுத் தலைவர்.

காட்டில் மரங்கள் வேர் அழுகிச் சாய்ந்துகொண்டிருந்தன. சேற்றோடு ஒட்டிப் பரவும் அந்த நோயை உள்ளே கொண்டுபோவது யார் என்று ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்துவிட்டதாம். ஆய்வாளரம்மா வரைபடத்தோடு வந்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகவேண்டும் என்று வழிகாட்டத்தான் இந்தக் குழு. காட்டை நம்பிப் பிழைக்கிற தேன் பண்ணைக்காரர், விடுதிக்காரம்மா, மரக்கடைக்காரர் எல்லோரும் அதில் உண்டு. இன்றைக்கு ஒருவருக்கும் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

குற்றவாளி யார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மரக்கடைக்காரரின் லாரிதானே தினமும் சேற்றை மிதித்துக்கொண்டு போய்வருகிறது? போன வருஷமே, காட்டு கேட்டில் சக்கரம் கழுவாமல் லாரியை உள்ளே விடக்கூடாது என்று குழு விதி போட்டாயிற்று. தலைவர் அவரைக் குழு ஜீப்பில்கூட ஏற்றுவதில்லை. நோய் ஒட்டிக்கொண்டுவிடுமாம்.

தலைவர் தீர்மானத்தை உரக்கப் படித்தார்: "நோயைக் கொண்டுபோனவர் யாராக இருந்தாலும், மூன்று வருஷம் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது."

மரக்கடைக்காரர் வேறு யாருமில்லை, தலைவரின் தங்கையைக் கட்டியவர். "மூணு வருஷம்னா கடையை இழுத்து மூட வேண்டியதுதான் மச்சான். உங்க தங்கச்சியும் பிள்ளைங்களும் அதை நம்பித்தான் இருக்காங்க" என்றார் தணிந்த குரலில்.

"உறவு வேற, காடு வேற மாப்பிள்ளை."

விடுதிக்காரம்மா கைதட்டியே விட்டார். நியாயஸ்தர் என்றால் இவரல்லவா நியாயஸ்தர்.

மரக்கடைக்காரர் பெருமூச்சு விட்டார். காடு பிழைத்தால்தானே நாம் பிழைப்போம் என்று சொல்லிவிட்டுக் கடைசி ஆளாகக் கையெழுத்துப் போட்டார். நல்லபிள்ளை வேஷம் என்று தேன் பண்ணைக்காரர் முணுமுணுத்தது எல்லோர் காதிலும் விழுந்தது.

ஆய்வாளரம்மா மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். முகமெல்லாம் சந்தோஷம். வரைபடத்தை மேசைமேல் விரித்ததும் எல்லோரும் எழுந்து முண்டியடித்தார்கள். புதிதாக நோய் கண்ட இடங்களிலெல்லாம் சிவப்புப் பொட்டு. லாரிப் பாதையில் மருந்துக்குக்கூட ஒரு பொட்டு இல்லை.

"லாரிப் பாதை சுத்தம் சார். சக்கரம் கழுவற விதி பிரமாதமா வேலை செஞ்சிருக்கு. இனிமே காட்டைக் காப்பாத்திடலாம்."

மரக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவருக்குத்தான் சப்பென்று ஆகிவிட்டது. தேன் பண்ணைக்காரர் விடுதிக்காரம்மாவைப் பார்த்தார். அந்தம்மா அவரைத் திருப்பி முறைத்தார். அப்படியானால் யார் என்று சொல்லுங்கள், தீர்மானம் தயாராக இருக்கிறது என்று தலைவர் மேசையைத் தட்டினார்.

ஆய்வாளரம்மா கொஞ்சம் தயங்கினார்.

"பொட்டு வச்ச எல்லா இடமும் நமக்குத் தெரிஞ்ச இடம்தான் சார். வழிகாட்டறோம்னு மாசாமாசம் ஜீப்புல போய் நாம இறங்கி நடந்த இடங்கள். நம்ம ஜீப்பை மட்டும் கேட்ல யாரும் நிறுத்தினதே இல்ல. நானும்தான் கூட வந்தேன்."

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். செருப்பும் ஷூவும் சத்தமில்லாமல் நாற்காலிகளுக்கு அடியில் போயின. தலைவரின் கை தீர்மானத்தை மெல்ல மடிக்கப் பார்த்தது.

மரக்கடைக்காரர் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டார். போச்சு, மாட்டினோம் என்று எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"பேனாவைக் குடுங்க மச்சான். 'மூன்று வருஷம்'கிறதை அடிச்சிட்டு, அந்த இடத்துல 'கழுவாமல்'னு எழுதிடலாம்."